கெர்னல் அப்டேட்டை வெளியிடுமுன் யார் சோதிக்கிறார்கள்? சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு நாம் என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. சுங்கை சிப்புட்டில் நீங்கள் நடத்தும் டியூஷன் நிலையத்தில், ஈப்போவில் வாங்கிய பழைய லேப்டாப்களில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் ஓடுகிறது. கெர்னல் என்பது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதி. அதன் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நான்கு லேப்டாப்பில் வைபை போய்விட்டது, அதுவும் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த நேரத்தில். "வெளியிடுவதற்கு முன் இதையெல்லாம் யாரும் சோதித்துப் பார்க்கமாட்டார்களா?" என்பது முதல் கேள்வி. "ஓரமாகக் கிடக்கும் ஒரு லேப்டாப்பை வைத்து நான் உதவ முடியுமா? எனக்கு புரோகிராமிங் தெரியாது" என்பது இரண்டாவது.

சோதிக்கிறார்கள். நாம் நினைப்பதைவிட அதிகமாகவே சோதிக்கிறார்கள். ஆனால் யார் கையில் எந்த இயந்திரம் இருக்கிறதோ, அதில்தான் அவர்களால் சோதிக்க முடியும். தோட்டப்புறத்து டியூஷன் நிலையத்தில் இருக்கும் பத்து வருஷப் பழைய லேப்டாப்பும், அதில் செருகிய மலிவு வைபை குச்சியும் அவர்கள் மேசையில் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியிடுகிறார். முதல் இரண்டு வாரம் புது மாற்றங்களைச் சேர்ப்பார்கள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு ஆர்சி என்று ஏழெட்டு முன்வெளியீடுகள் வரும். அந்த வாரங்களில் பிழைத்திருத்தங்கள்தான் உள்ளே போகவேண்டும் என்பது விதி. இதற்கும் முன்னால் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு. ஸ்டீபன் ரோத்வெல் 2008-இல் தொடங்கியது. அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும் மாற்றங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறதா என்று பார்க்கும் இடம் அது.

தானியங்கிச் சோதனையும் அங்கிருந்தே ஆரம்பித்துவிடும். இன்டெலின் ஸீரோ-டே, கெர்னல்சிஐ, லினாரோவின் சோதனைக்கூடம் எல்லாம் இரவு பகலாகப் புதிய கெர்னலைக் கட்டி, பூட் செய்து, சோதனைத் தொகுப்புகளை ஓட்டிக்கொண்டே இருக்கின்றன. கூகுளின் சிஸ்பாட் வேறு மாதிரி. கோணல்மாணலான சிஸ்டம் கால்களை (செயலிகள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) வரிசையாகக் கெர்னலுக்கு அனுப்பி, எங்கே சறுக்கி விழுகிறது என்று பார்க்கும். இவற்றால் எத்தனையோ பிழைகள் நம் கண்ணில் படுவதற்கு முன்பே செத்துப்போகின்றன. ஆனால் லேப்டாப் மூடியைச் சாத்தித் திறந்த பிறகு வைபை திரும்பி வருகிறதா, வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா, புரொஜெக்டரில் படம் வருகிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு மனிதன் உட்கார்ந்து பார்க்கவேண்டிய வேலை.

நம் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் புத்தம்புதுக் கெர்னல் அல்ல. உபுண்டு 22.04 ஆரம்பித்தது 5.15-இல், இன்னொரு லினக்ஸான டெபியன் 12 இருப்பது 6.1-இல். புதிய கெர்னலில் செய்த திருத்தங்களை எடுத்து இந்தப் பழையவற்றில் பொருத்தி, கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பேட்ச்சுகளை, அதாவது திருத்தத் துண்டுகளை எல்லாம் முதலில் பொதுவில் வைத்து, "சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். கெடு ஏறக்குறைய இரண்டு நாள்தான். உலகின் பல மூலைகளிலிருந்து, தங்கள் பலகைகளிலும் சர்வர்களிலும் ஓட்டிப் பார்த்தவர்கள் பதில் போடுவார்கள்.

இதில் என்ன தவறு நேரலாம் என்பதற்கு 2023-இல் நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த வருஷம் நவம்பர் 28-இல் 6.1.64 வந்தது. அதில், டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைக்கான ஒரு திருத்தம் இருந்தது. புதிய கெர்னலைப் பொறுத்தவரை அது சரியான திருத்தம்தான். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய, ஐஓமேப் என்ற பகுதியில் அதற்கு முன்னால் செய்த இன்னொரு மாற்றமும் வேண்டும். அந்த மாற்றம் 6.1-இல் இல்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவந்து நம் டிராக்டரில் மாட்டிவிட்டு, அதைத் தாங்கும் பிராக்கெட்டை அங்கேயே விட்டுவந்த மாதிரி. விளைவு என்ன? இடைநினைவில் வைக்காமல் நேராக டிஸ்க்குக்கு அனுப்பும் டைரக்ட் ஐஓ முறையில் கோப்பில் எழுதும்போது, "இதுவரை எழுதியாயிற்று" என்று காட்டும் நிலைக்குறி முன்னால் நகரவில்லை. அடுத்து எழுதுவது தவறான இடத்தில் போய் விழுந்து, அங்கே இருந்ததைக் கெடுத்தது. திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. தகவல் மட்டும் சத்தமில்லாமல் போய்விடும்.

இது பிடிபட்ட விதத்தைக் கவனியுங்கள். 5.15.140-க்காக 297 பேட்ச்சுகள் சோதனைக்கு வந்தபோது, எல்டிபி என்ற சோதனைத் தொகுப்பை ஓட்டியவர்கள் அதில் ஒரு சோதனை தோற்பதைக் கண்டு தகவல் சொன்னார்கள். அதைத் துரத்திக்கொண்டு போன எக்ஸ்ட்4 டெவலப்பர் யான் காரா, இதே கோளாறோடு 6.1.64 ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று கண்டுபிடித்து எச்சரித்தார். டெபியன் 12.3 டிசம்பர் 9-இல் வெளிவர இருந்தது, அதே 6.1.64-ஐச் சுமந்துகொண்டு. வெளியீட்டை நிறுத்தினார்கள். டிசம்பர் 8-இல் வந்த 6.1.66-இல் கோளாறு சரியாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு 12.4 என்ற எண்ணில் 10-ஆம் தேதி வெளியிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் 6.1.64-ஐ ஏற்றிவிட்டவர்களுக்கு, "ரீபூட் செய்யாதீர்கள், செய்திருந்தால் பழைய கெர்னலுக்குத் திரும்புங்கள்" என்ற ரீதியில் அறிவுரை போனது. ஒரு சோதனை தோற்றதை ஒருவர் அலட்சியப்படுத்தாமல் எழுதிப் போட்டதால் மிஞ்சிய தகவல் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

கெர்னலுக்கு அப்புறம் டிஸ்ட்ரோவின், அதாவது உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் சோதனை. உபுண்டுவில் வழக்கமான அப்டேட் எதுவும் நேராக நமக்கு வராது. முதலில் ப்ரொபோஸ்டு என்ற தனிக் கிடங்குக்குப் போகும். அப்டேட்டை முன்வைப்பவர் உபுண்டுவின் பிழைப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் மூன்று விஷயம் எழுதவேண்டும்: இந்தப் பிழையால் யாருக்கு என்ன பாதிப்பு, திருத்தம் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது, இந்தத் திருத்தமே தொல்லை கொடுத்தால் எங்கே கொடுக்கும். மூன்றாவதை நான் மிகவும் மதிக்கிறேன். அப்புறம் யாராவது ஒருவர் ப்ரொபோஸ்டிலிருந்து எடுத்து நிறுவி, சோதித்து, "சரிபார்த்தாயிற்று" என்றோ "தோற்றது" என்றோ குறிக்கவேண்டும். வழக்கமான பேக்கேஜ் குறைந்தது ஏழு நாள் அங்கே இருக்கும். கெர்னல் திருத்தங்களுக்கு ஒரு ரோபோ வந்து, ஐந்து வேலை நாளுக்குள் யாரும் சரிபார்க்காவிட்டால் திருத்தத்தையே எடுத்துவிடுவோம் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதாவது, உங்கள் லேப்டாப்பின் ஒலியைச் சரிசெய்யும் ஒரு திருத்தம், அதே மாடல் லேப்டாப் வைத்திருக்கும் ஒருவர் கூடப் பதில் சொல்லாததால் திரும்பிப் போகலாம்.

அதற்குப் பிறகும் எல்லாருக்கும் ஒரே நாளில் போகாது. முதலில் 10 சதவீத இயந்திரங்களுக்கு, பிறகு படிப்படியாகக் கூட்டி, இரண்டு நாளுக்குமேல் எடுத்து எல்லாருக்கும். நடுவில் செயலிகள் விழுந்ததாகத் தகவல்கள் திடீரென்று கூடினால் அப்படியே நிறுத்திவிடுவார்கள். சில நாட்களில் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் "இந்த அப்டேட் தள்ளிவைக்கப்பட்டுள்ளது" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் இயந்திரத்தின் முறை வரவில்லை, அவ்வளவுதான். வற்புறுத்தி ஏற்றாதீர்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும் இந்தப் படி கிடையாது. கெர்னல் பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும்.

அவசரம் வந்தால் படிகள் இன்னும் சுருங்கும். மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டையை 2018 ஜனவரி 9-இல் அறிவிப்பதாக இருந்தார்கள். விஷயம் கசிந்து 3-ஆம் தேதியே வெளியே வந்துவிட்டது. அதற்காக உபுண்டு 16.04-க்கு அவசரமாக வந்த 4.4.0-108 கெர்னலில் சில இயந்திரங்கள் பூட் ஆகவே இல்லை. உடனே 4.4.0-109 வந்தது.

டெபியனிலும் பெடோராவிலும் வேறு வழிமுறை. டெபியனில் புதிய பேக்கேஜ் முதலில் அன்ஸ்டேபிள் என்ற கிளையில் விழுந்து, பெரிய பிழை எதுவும் பதிவாகாமல் சில நாள் தாக்குப்பிடித்தால்தான் டெஸ்டிங்குக்கு நகரும். அன்ஸ்டேபிளைத் தினசரி வேலைக்கு வைத்திருப்பவர்களின் அருமை 2024 மார்ச்சில் தெரிந்தது. ஆண்ட்ரெஸ் ப்ராய்ண்ட் என்ற டெவலப்பர் தன் இயந்திரத்தில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ புதைத்துவைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது போய்ச்சேரவே இல்லை. பெடோராவில் போதி என்ற இடத்தில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நாம் கூட்டலோ கழித்தலோ போடலாம். புதுக் கெர்னல் வரும்போது ஒரு வாரம் ஒதுக்கி, யூஎஸ்பியிலிருந்தே ஓடும் படிமம் கொடுத்து, பொதுமக்களைச் சோதிக்கச் சொல்வார்கள். ஹார்டுடிஸ்க்கைத் தொடவேண்டாம் என்பதால் முதல்முறை செய்து பார்ப்பவருக்கு இதுதான் சுலபம்.

சரி, உங்கள் வைபைக்கு வருவோம். நீங்கள் சொன்ன விவரத்தைப் பார்த்தால், அந்த நான்கிலும் உள்ளே இருந்த வைபை செத்துப்போய், யூஎஸ்பி குச்சி செருகியிருக்கிறீர்கள். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கடைக்காரர் எங்கிருந்தோ எடுத்து, ஒவ்வொரு கெர்னலுக்கும் வெளி டிரைவரைத் தானாகக் கட்டும் டிகேஎம்எஸ் வழியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சிக்கல் அங்கேதான். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரை, கெர்னலின் உள்ளமைப்பை மாற்றுபவரே கூடவே திருத்திவிடுவார். வெளியிலிருந்து வரும் டிரைவருக்கு அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் எச்டபிள்யூஇ என்ற கெர்னல் வரிசை தானாகவே வரும். அது 5.15-இல் தொடங்கி 5.19, 6.2, 6.5, 6.8 என்று தாவிக்கொண்டே போனது. 6.5-இல் கட்ட முடிந்த டிரைவர் 6.8-இல் கட்ட முடியாமல் போவது சகஜம். நான்கும் ஒரே நாளில் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கெர்னலைச் சோதித்தவர்கள் கண்ணில் இது பட்டிருக்கவே முடியாது, ஏனென்றால் அந்த டிரைவர் அவர்களிடம் இல்லவே இல்லை.

பத்து வருஷப் பழைய லேப்டாப்புக்குப் புதுக் கெர்னல் வரிசையால் பெரிய லாபம் இல்லை. 5.15-இலேயே நிற்கும் சாதாரண வரிசைக்கு மாறினால் தாவல்கள் நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத்திருத்தங்களும் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆனால் கோபத்தில் கெர்னல் அப்டேட்டையே பூட்டிவைத்துவிடாதீர்கள். 2022-இல் வெளியான டர்ட்டி பைப் ஓட்டையை வைத்து, சாதாரணக் கணக்கில் நுழைந்த யாரும் ரூட் ஆக, அதாவது இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. பல பிள்ளைகள் கை வைக்கும் லேப்டாப்பில் அப்படிப்பட்ட ஓட்டையைத் திறந்துபோட முடியாது.

இப்போது ஓரமாகக் கிடக்கும் அந்த லேப்டாப். அதில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். க்ளோன்சில்லாவில் முழுப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 2008-இல் 2.6.27-இன் ஆர்சி கெர்னல்கள் சில, இன்டெல் நெட்வொர்க் அட்டைகளின் உள்நினைவையே அழித்தன. சோதனைக் கெர்னல் அரிதாகவேனும் வன்பொருளைத் தொடும். விர்ச்சுவல் மெஷின் போதாதா என்று கேட்டால், சாதாரண பேக்கேஜுக்குப் போதும். கெர்னலுக்குப் போதாது, அதற்குள் உங்கள் வைபை சிப்பும் இல்லை, பேட்டரியும் இல்லை.

முதலில், இப்போது ஓடும் கெர்னலிலேயே எல்லாவற்றையும் செய்து பார்த்து எழுதி வையுங்கள். பூட் ஆக எத்தனை விநாடி, வைபை பிடிக்கிறதா, மூடியைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா, எழுந்த பிறகும் வைபை உண்டா, ஒலி, ஒலிவாங்கி, வெளிச்சப் பட்டன், எச்டிஎம்ஐயில் புரொஜெக்டர், பிரிண்டர், பெரிய கோப்பு ஒன்றை யூஎஸ்பிக்கு நகலெடுத்தல். கெர்னல் பதிவில் பிழை என்று குறித்த வரிகளையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பழைய லேப்டாப்பில் எப்போதுமே நாலைந்து பிழை வரிகள் இருக்கும். முன்பு இருந்தவை எவை என்று தெரியாவிட்டால் புதியவை எவை என்று சொல்ல முடியாது. அப்புறம் ப்ரொபோஸ்டைத் திறந்து கெர்னலை மட்டும் எடுங்கள். 22.04-இல் இதைக் கவனமாகச் செய்யவேண்டும், முன்னுரிமை எண்ணைக் குறைத்துவைக்காவிட்டால் அங்கே கிடக்கும் எல்லாப் பேக்கேஜும் சேர்ந்து இறங்கிவிடும். ரீபூட் செய்து அதே வரிசையில் அதே சோதனைகள்.

ஏதாவது கெட்டிருந்தால் உடனே எழுதாதீர்கள். பூட் ஆகும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்தினால் க்ரப் என்ற பூட் பட்டியல் வரும். மேம்பட்ட தேர்வுகளில் பழைய கெர்னல் இருக்கும். அதில் ஏறி அதே சோதனையைச் செய்யுங்கள். மறுபடியும் புதியதில் ஏறுங்கள். பழையதில் ஒவ்வொரு முறையும் சரி, புதியதில் ஒவ்வொரு முறையும் கோளாறு என்றால் உங்கள் கையில் இருப்பது தங்கம். டெர்மினலில் 'உபுண்டு-பக் லினக்ஸ்' கட்டளை கொடுத்தால் லேப்டாப் விவரங்களைத் தானே திரட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதவேண்டியது கடைசியாக வேலை செய்த கெர்னல் எண், முதலில் கெட்ட கெர்னல் எண், என்ன செய்தால் தெரிகிறது என்பது. "அப்டேட்டுக்குப் பிறகு மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "5.15-இன் இந்த எண்ணில் மூடியைத் திறந்ததும் வைபை வந்தது, அடுத்த எண்ணில் வருவதில்லை, ஒவ்வொரு முறையும்" என்று எழுதினால் டெவலப்பர் எந்த மாற்றங்களுக்கு நடுவே தேடவேண்டும் என்று தெரிந்துகொள்வார். பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் பதினான்கு முறைக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும். அதற்காகப் பழைய லேப்டாப்பில் கெர்னலைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதில்லை. உபுண்டு கட்டிவைத்திருக்கும் மெயின்லைன் (உபுண்டுவின் மாற்றங்கள் சேராத) கெர்னல்களை எடுத்துப் போட்டு, எந்தப் பதிப்பில் கெட்டது என்பது வரை நெருங்கிவிடலாம். சோதித்து எதுவும் கெடவில்லை என்றாலும், நீங்கள் சோதித்த திருத்தத்தின் கீழே லேப்டாப் மாடலோடு அதைப் பதிவுசெய்யுங்கள். அந்த ஒரு வரிக்காகவும் ஆள் காத்திருப்பார்.

உங்கள் நிலையத்துக்கும் இதே ஒழுங்கைக் கொண்டுவாருங்கள். வெளிவந்த அப்டேட்டை முதலில் ஒரு லேப்டாப்பில் மட்டும் ஏற்றி, இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் பயன்படுத்திய பிறகு மற்றவற்றில் ஏற்றுங்கள். கெர்னலும் பர்ம்வேரும் சேர்ந்தால் சில நூறு எம்பி. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும் இடத்தில் ஒவ்வொரு லேப்டாப்பும் தனித்தனியாக இறக்கினால் மாதக் கோட்டா அன்றே தீர்ந்துவிடும். ஒரு லேப்டாப்பில் ஆப்ட்-கேஷர்-என்ஜி போட்டால் ஒருமுறை இறக்கியதை மற்றவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நேரமும் முக்கியம். நம் பக்கம் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடி மழை வந்து கரண்டு போவது புதிதல்ல. பேட்டரி செத்த லேப்டாப்பில் அந்த நேரத்தில் கெர்னல் ஏற்றாதீர்கள். பாதியில் அணைந்தால் பூட் படிமம் அரைகுறையாக நின்றுவிடும். காலையில் செய்யுங்கள்.

அந்த நான்கு வைபை குச்சிகளுக்கு இன்னொரு வழியும் இருக்கலாம். ரியல்டெக்கின் 8821சியூ, 8822பியூ போன்ற யூஎஸ்பி சிப்களுக்கான டிரைவர் 6.2-இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 8812ஏயூ, 8821ஏயூ வகைக்கு 6.8-க்குப் பிறகுதான் வந்தது. ஆகவே 5.15-க்குத் திரும்புவதற்கு முன், குச்சியைச் செருகி, யூஎஸ்பி பட்டியலில் அதற்கு நேராக வரும் எண்ணைப் பாருங்கள், நடுவில் முக்காற்புள்ளி போட்டு நான்கு நான்கு எழுத்தாக இருக்கும். முதல் வகையாக இருந்தால், கடைக்காரர் போட்ட டிரைவரை நீக்கிவிட்டு 6.8-இலேயே ரீபூட் செய்து பாருங்கள், கெர்னலின் சொந்த டிரைவரே எடுத்துக்கொள்ளக்கூடும். எண்ணை எனக்கும் அனுப்புங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.